பட்டன் கடையில் கேட்கும் மூச்சு

“கொஞ்சம் பேசாம இரு தாயி” என்று வாடிக்கையாளரை அடக்கிவிட்டு, சேக் இஸ்மாயில் பாய் கல்லாப் பெட்டி மேல் கிடக்கும் போனுக்குக் காதைக் கொடுக்கிறார். ஸ்பீக்கரில் பேச்சு எதுவும் இல்லை. ஈரத்துணி வழியாகக் காற்று போய் வருகிற சத்தம் மட்டும். அது சீராக இருக்கிறது என்று தெரிந்ததும் அவர் தோள் இறங்குகிறது. “ம், இப்பச் சொல்லு. மெரூன் பட்டன் எம்புட்டு வேணும்?”

தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் பட்டன், ஜிப், லேஸ், எலாஸ்டிக் விற்கும் கடை அவருடையது. எதிரே உள்ள ஜெராக்ஸ் கடை என்னுடையது. என்னை அவர் மாப்ள என்பார். நான் அவரை பாய் என்பதோடு சரி. கடையில் ஸ்டூல் இருக்கிறது. அதில் பட்டன் அட்டைகள்தான் உட்கார்ந்திருக்கும், அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீ வாங்குவார், பாதியில் வைத்துவிட்டு லேஸ் அளக்கப் போவார், லேஸை அளந்து முடிக்காமல் போனிடம் வருவார். ஜலதோஷத்தோடு யாராவது வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அவருக்கு ஆகாது. “மூக்கச் சிந்திட்டு வாப்பா, கேக்கவே பதறுது” என்று விரட்டுவார்.

போனில் கேட்பது வீட்டில் இருக்கும் அவர் மனைவி மைதீன் பீவியின் மூச்சு; கடை திறந்ததும் போடும் அழைப்பை பாய் நாள் பூரா துண்டிப்பதில்லை. போன வருஷம் ஒரு காய்ச்சலில் நெடுநாள் ஆஸ்பத்திரியில் செயற்கைச் சுவாசத்தில் கிடந்து பிழைத்தவர். தொண்டைக்குள் விட்டிருந்த குழாய் புண்ணாக்கி, புண் ஆறும்போது மூச்சுப்பாதை சுருங்கிவிட்டது. கழுத்துக் குழியில் துளையிட்டு உலோகக் குழாய் ஒன்றைப் பொருத்தினார்கள். அதற்குள்ளே கழற்றிக் கழுவ வசதியாக இன்னொரு மெல்லிய குழாய். உள்வீக்கம் வற்றினால் பாதையை விரிக்க ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை மூச்சு கழுத்து வழியாகத்தான். “மூக்கு இனிமே மூக்குத்திக்கு மட்டுந்தான்” என்று பீவியே சொல்லிச் சிரித்தாராம். அந்தச் சிரிப்புக்குச் சத்தம் இல்லை என்பதைச் சொல்லும்போது பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் முன், காது மூக்கு தொண்டை வார்டு சிஸ்டர் முனீஸ்வரி பாயைப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். குழாயை எப்படிக் கழுவுவது, உப்புத்தண்ணிச் சொட்டு எப்போது விடுவது, ஆவி மருந்து எப்படிப் பிடிப்பது, துளைமேல் போடும் துணி ஏன் காயக்கூடாது. சளி உறிஞ்சும் மிஷினைக் கையில் கொடுத்தபோது, ட்யூபை எவ்வளவு நேரம் உள்ளே விடுவது என்று பாய் கேட்டிருக்கிறார். “அண்ணே, ட்யூப உள்ள விட்டதும் நீங்களும் மூச்சப் பிடிச்சுக்கங்க. ஒங்களுக்கு முட்டுறதுக்குள்ள வெளிய எடுத்துரணும். அவுகளுக்கும் அப்படித்தானே முட்டும்” என்று சொன்னாராம் சிஸ்டர். அன்றிலிருந்து ஜிப் வெட்டும்போதுகூட பாய் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். வெட்டி முடித்ததும் ‘புஸ்’ஸென்று விடுவார். புது வாடிக்கையாளர்கள் அவருக்குத்தான் ஏதோ வியாதி என்று நினைக்கிறார்கள்.

சித்திரையில் ஒரு பகல், நல்ல வெயில். பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். ஃபேன் இல்லாத சந்தில் எல்லோரும் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தோம். போனில் வந்த சத்தம் மெல்லிதாகி, கீச்சென்று மாறியது. பாய் கத்தரிக்கோலைக் கீழே போட்டார்.

“மாப்ள, விசிலடிக்குதுடா!”

லைன் அறுந்தது. திரும்பக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கல்லாவைத் தாண்டிக் குதித்து ஓடினார். அவர் கால் பட்டுப் பெட்டி கவிழ்ந்து, பட்டன்கள் சந்தெல்லாம் உருண்டன. நானும் பின்னால் ஓடினேன்.

காஜிமார் தெருவில் மாடி வீடு. பீவி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் விலா உள்ளே போனது. உதடு கறுத்திருந்தது. துளைமேல் கிடந்த துணி வெயிலில் அப்பளம் போலக் காய்ந்திருந்தது. பாய் நேராக மிஷினிடம் போய் ஸ்விட்சைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். கரண்ட் இல்லை என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

“பாய், கரண்ட் இல்ல!” என்று கத்தினேன்.

திரும்பிப் பார்த்தார். “மொதல்ல உள்குழாய், அப்பறந்தான் மிஷினு” என்று சிஸ்டரின் குரலிலேயே முணுமுணுத்துக்கொண்டு மண்டியிட்டார். உள்குழாயைத் திருகி உருவினார். காய்ந்த கோந்து மாதிரி சளி அதை அடைத்திருந்தது. வெளிக்குழாயில் உப்புத்தண்ணியைச் சொட்டுவிட்டார். பீவிக்கு உடம்பே தூக்கிப்போடும் இருமல். கெட்டியாக ஒன்று தெறித்து பாயின் சட்டையில் ஒட்டியது. அதற்குப் பின்னால் காற்று உள்ளே போன சத்தம் எனக்கே கேட்டது. நிறம் திரும்பியது. அதுவரை பிடித்திருந்த மூச்சை விட்டு, பாய் தரையில் சரிந்தார்.

பீவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குழாயின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு (அப்படி அடைத்தால்தான் அவருக்குக் குரல் வரும்), கரகரத்த குரலில் முதலில் கேட்டது இதுதான்: “கடைய யாரு பாக்குறா?”

அதற்குப் பிறகு பாய் இன்னும் மோசமானார். காலையில் கொஞ்ச நேரம் கடை திறப்பார், நடுவில் வீட்டுக்கு ஓடுவார். டெய்லர்கள் வந்து பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். “கடையப் பூட்டிட்டு அவ பக்கத்துலயே உக்காந்துரப் போறேன் மாப்ள” என்றார். அவரால் எங்கேயும் உட்கார முடியாது என்பது எனக்குத் தெரியும்.

ஒருநாள் பீவியே சந்துக்குள் நடந்து வந்தார். முக்காட்டுக்குக் கீழே கழுத்தில் வெள்ளைத் துணி ஈரமாக இருந்தது. பாய் பதறிக்கொண்டு வெளியே வந்தார். பீவி விரலால் அடைத்துப் பேசினார். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை விரலை எடுத்து மூச்சு வாங்கினார்.

“கண்ணாடி பாத்து நானே கழட்டிக் கழுவி மாட்டிட்டேங்க. சிஸ்டர் கத்துக் குடுத்துட்டாங்க.”

“தனியாவா? யா அல்லா, கை தவறியிருந்தா?”

“தவறல.” மூச்சு வாங்கினார். “இந்தப் போன அமத்துங்க. நான் தூங்குறது, இருமுறது, அழுகுறது அம்புட்டையும் சந்தே கேக்குது. எனக்கு வெக்கமா இருக்கு.”

பாய் கையில் லேஸ் சுருளோடு நின்றார். “அழுதியா? எப்ப அழுத?”

பீவி கடைக்குள் எட்டி, போனை எடுத்து, அழைப்பைத் துண்டித்தார். “வேணும்னா நான் மிஸ்டு கால் குடுக்கேன்” என்று சொல்லிவிட்டு வந்த வழியே நடந்தார்.

போன் அமர்ந்தபின் கடை விசித்திரமாக இருந்தது. பாய் சந்து முனைவரை போவார், தெருவைப் பார்ப்பார், திரும்புவார். “அழுதது எனக்குக் கேக்கவே இல்லையே மாப்ள, நாள் பூரா கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்” என்று ஜெராக்ஸ் மிஷினுக்கு மேல் குனிந்து என்னிடம் சொன்னார். அவர் பாதியில் வைத்துவிட்டு வந்த டீயை எடுத்து நீட்டினேன்.

போன வாரம் பழங்காநத்தத்தில் ஒரு மண்டபத்தில் பீவியின் தங்கை மகளுக்கு நிக்காஹ். துளை போட்ட பின் பீவி கலந்துகொள்ளும் முதல் விசேஷம். போகவேண்டாம் என்று பாய் சொல்லிப்பார்த்திருக்கிறார். பட்டுச் சேலையை எடுத்துவைத்துவிட்டுத்தான் பீவி அதைக் காதில் வாங்கினாராம். எனக்கும் அழைப்பு இருந்தது. பந்தியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே துணித்திரை. பாய் திரையை ஒட்டிய இடத்தையே பிடித்தார். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிரியாணி தட்டில் ஆறிக்கொண்டிருந்தது, அவர் ஒரு வாய் எடுக்கவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் ஓர் இருமல். தொண்டையிலிருந்து வருவது அல்ல. வெறும் காற்று உலோகத்தில் மோதுகிற சத்தம். பாய் எழுந்துவிட்டார். கை திரையின் ஓரத்தைப் பிடித்துவிட்டது. மறுபடியும் இருமல். பரிமாறுகிறவர் வாளியோடு நின்றார். எதிர் வரிசையே நிமிர்ந்து பார்த்தது. அந்தப் பக்கம் யாரோ எதையோ சொல்ல, பெண்கள் கூட்டமாகச் சிரித்தார்கள்; இருமல் அடங்கியிருந்தது.

பாய் திரையை விட்டார். உட்கார்ந்து, தட்டை முன்னால் நகர்த்தி, “தால்ச்சா ஊத்துங்க” என்றார்.