வெயிலில் வந்த வெள்ளம்

பொம்பளை கேம்புக்குப் போகக் கூடாது என்று எந்தச் சாமி சொல்லிவைத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

எங்களுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் போடும் ரிக் வண்டி ஒன்றுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. அதோடு ஊர் ஊராகப் போய், வேலை நடக்கும் இடத்திலேயே கேம்ப் போட்டுத் தங்கியவர் என் வீட்டுக்காரர். ஒரு நாள் வண்டி மேலிருந்து வழுக்கி விழுந்து முதுகில் பலத்த அடி. கட்டிலில் படுத்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வடக்கே பனிமலை அடிவாரத்தில், ஆற்றோரக் கிராமங்களுக்குப் போர் போட ஒத்துக்கொண்டிருந்த வேலை அப்படியே நின்றது.

அவருடைய அண்ணன் வந்தார். வண்டியைத் தன் பேருக்கு மாற்றச் சொன்னார். நானே ஆட்களோடு போகிறேன் என்றேன்.

"ரிக்கு வண்டி என்ன, நீ வெளையாடற சொப்புச் சாமானா?"

"அதையும் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றனுங்க மாமா."

சொந்தக்காரர்கள் கூடி ஒரு வழியாக முடிவு சொன்னார்கள். நான் போகலாம். கேம்ப் பாதியில் கலைந்தால் வண்டி அண்ணனுக்கு. என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே துணிமணியை மூட்டை கட்டிவிட்டேன்.

துளை போடும் டிரில்லரும் நாலைந்து ஆட்களும் நானும் போய்ச் சேர்ந்த இடத்தில் ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பெரிய ஆறு, அதன் ஓரமாக மட்டும் கொஞ்சம் தண்ணீர். மீதியெல்லாம் மாவு மாதிரி மணல். பார்த்ததும் ஆட்களுக்கு வாயெல்லாம் பல். எங்கள் பக்கத்து ஆறுகளில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான். திருவிழாவுக்குப் போனாலும் சரி, பாத யாத்திரை போனாலும் சரி, நாங்கள் துண்டை உதறிப் படுப்பது ஆற்று மணலில்தான்.

"வானத்துல ஒரு பொட்டு மேகமில்லீங்க்கா. இதவுட நல்ல எடம் எங்க கெடைக்கும்?" என்றார் டிரில்லர். எனக்கும் அது சரியாகவே பட்டது.

ரிக் வண்டி புதையும் என்று அதை மட்டும் மேலே பாறைத் தரையில் நிறுத்தினோம். மணலில் தார்ப்பாய் கட்டி, அடுப்பு வைத்து, அரிசி மூட்டைகளை அடுக்கினோம். மேட்டில் ஆடு மேய்க்கிறவர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். நல்ல மனுஷன் என்று நாங்களும் ஆட்டினோம்.

நல்ல வெயில். பொழுது சாயும் முன்னே ஆற்றுத் தண்ணீர் கலங்கலாக மாறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் அடுப்புக்குள் வந்தது. உயிர் தப்பினால் போதும் என்று ஏறி ஓடினோம். அரிசி, பருப்பு, பாத்திரம், தார்ப்பாய், எல்லாம் போயிற்று. ஆட்டுக்காரர் இறங்கி வந்தார். எங்களில் இந்தி தெரிந்தவரிடம் விஷயத்தைச் சொன்னார். பகல் வெயிலில் மலை மேலே பனி உருகும், அந்தத் தண்ணீர் சாயங்காலம் இங்கே வந்து சேரும், தினமும் இப்படித்தான். மழை பெய்தால் வெள்ளம் வரும், சரி. வெயிலடித்தால் வெள்ளம் வரும் ஆற்றை எங்கள் ஊரில் யார் கண்டார்கள்?

"போதுமுங்க்கா, ஊருக்கே போயரலாம்" என்றார் டிரில்லர். அதற்குள் எவனோ ஒருத்தன் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டான். உடனே எனக்கு அழைப்பு வந்தது.

"கேம்பு ஆத்தோட போயிருச்சாமா. வண்டியத் திருப்பச் சொல்லு."

"அரிசிதானுங்க மாமா போச்சு. நா இங்கதான் இருக்கறன்."

வைத்துவிட்டு ஆட்களிடம் திரும்பினேன். "போறவங்க இப்பவே கெளம்புங்க. நா இருக்கறன், வண்டி இருக்குது. ஆள நா வேற பாத்துக்கறன்." ஒருவரும் எழவில்லை. கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு நான் மேட்டில் ஏறி, புதிதாகக் கேம்ப் போட இடம் பண்ணக் கல்லைப் பெயர்க்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு டிரில்லர் வந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு ஆட்டுக்காரர் கொடுத்த கோதுமை மாவுதான் எங்களுக்குச் சாப்பாடு. சோறில்லை என்று மூஞ்சியைச் சுளித்தவனுக்கு ரொட்டியைக் கொஞ்சம் தடியாகவே தட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையிலேயே துளை போட ஆரம்பித்துவிட்டோம். இரைச்சலுக்கு நடுவில் என் வீட்டுக்காரரிடமிருந்து போன்.

"அண்ணன் வந்து பக்கத்துல உக்காந்திருக்குது. கேம்பு கலைஞ்சிருச்சுங்குது. வீட்ல இருக்கற இன்னொரு சாவியக் கேக்குது. குடுத்தரட்டுமா?"

அவர் குரலில் உயிரே இல்லை. போனை ரிக் பக்கம் நீட்டிப் பிடித்தேன். கல்லை உடைக்கிற சத்தம் முழுக்க அவருக்குப் போகட்டும் என்று கை வலிக்கிற வரைக்கும் பிடித்திருந்தேன். பிறகு பாறைக்குப் பின்னால் ஓடிப்போய்க் காதில் வைத்தேன். அவர் பக்கத்திலிருந்த அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"வண்டி ஓட்டத்துல இருக்குதுங்கண்ணா. சாவி குடுக்க முடியாது."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் அண்ணனுக்கு முடியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆட்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று அங்கேயே நின்று அழுதேன்.