பத்திலிருந்து ஒரு மணி வரை

1979 ஏப்ரலில் எனக்கு எம்.ஏ. பொருளாதாரம் கடைசித் தேர்வு. தலைப்பிள்ளை பிறந்து இருபத்தெட்டு நாள்தான் ஆகியிருந்தது. சங்கரன்கோவிலிலிருந்து பாளையங்கோட்டைக்கு எட்டாம் மாதம் வரை பஸ்ஸில் போய்வந்து படித்த படிப்பு. அது கைநழுவும் என்றே நினைத்தேன்.

பையன் சேர்ந்தாற்போல் முக்கால் மணி நேரம் தூங்கமாட்டான். விழித்தால் தாய்ப்பால்தான். சங்கில் புகட்டினால் துப்பிவிடுவான். தேர்வோ மூன்று மணி நேரம், நான்கு தாள்.

என் மாமியாருக்குச் சம்மதமில்லை. “நாப்பது நாள் ஆகாம கோயில் வாசலையே மிதிக்கக் கூடாது. இவ காலேஜுக்குப் போறாளாம். பொருளாதாரம் படிச்சு பிள்ளைக்கு என்னத்தப் புகட்டப் போறா?” என்று என் கணவரிடம் கேட்டார். இரண்டு நாள் கழித்து என்னிடமே வந்தார்.

“பிள்ளையத் தூக்கிட்டு நானே வாரேன். ஆனா அது ஓயாம அழுதா ஆள் விட்டுச் சொல்லுவேன். பேப்பரக் குடுத்துட்டு எந்திச்சு வந்திரணும். அதோட படிப்ப மறந்துரு.”

“சரி அத்தை” என்றேன். வேறு வழி இல்லை.

தீட்டு கழியாததால் கோமதி அம்மன் சந்நிதிக்குப் போக முடியாது. மச்சில் ஏறி, கோபுரம் தெரியும் பக்கமாக நின்றேன். “தாயே, பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை இவன் தூங்கட்டும். ஆடித் தவசுக்குக் கொடியேறியதும் உன் கோயிலை நூற்றெட்டுச் சுற்று வருகிறேன்” என்று வேண்டினேன். அழக்கூடத் தெம்பில்லை.

முதல் தாளன்று கல்லூரி வேப்பமரத்தடியில் அத்தை துண்டை விரித்து உட்கார்ந்தார். பக்கத்தில் தண்ணீர்க் கூஜா. வெளியிடத்தில் யார் கையாலும் அவர் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார். நான் பால் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். ஒரு மணிக்கு ஓடி வந்தேன். “பத்துக்குக் கண்ண மூடினவன்தான். இப்பத்தான் முழிக்கான்” என்றார். இரண்டாம் தாளிலும் அப்படியே. மூன்றாம் தாளிலும் அப்படியே. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நான்காம் தாள் பிற்பகல் இரண்டு மணிக்கு. கால அட்டவணையில் அது இருந்தது. மச்சில் நின்றபோது எனக்குத்தான் நினைவில்லை.

அன்றும் பையன் பத்து மணிக்குத் தூங்கினான், நாங்கள் வந்த பஸ்ஸில். ஒரு மணிக்கு விழித்தான். கேட்டதை அம்மன் ஒரு நிமிடம் பிசகாமல் கொடுத்துவிட்டாள். தவறு என்னுடையது. பால் குடித்தும் அவன் அடங்கவில்லை. இரண்டு மணிக்கு வீறிட்டு அழுதுகொண்டிருந்தவனை அத்தை கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

ஜன்னல் வழியாக அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது. மார்பில் பால் கட்டி, முந்தானை நனைந்தது. ஆள் எப்போது வரும் என்று வாசலையே பார்த்தேன். இந்த முறை நான் நேரம் எதுவும் குறிக்கவில்லை. “தாயே, உன் பிள்ளை” என்று மட்டும் சொன்னேன். இரண்டே முக்காலுக்கு அழுகை நின்றது. ஆள் வரவில்லை. எழுதி முடித்தேன்.

ஐந்து மணிக்கு வெளியே வந்தேன். கல்லூரியில் கூட்டிப் பெருக்கும் பெண் ஒருத்தி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிறு சிலுவை. அவள் மடியில் என் மகன், வாயோரம் பால் வழியத் தூங்கிக்கொண்டிருந்தான். அத்தை அவளுக்குப் பக்கத்தில், அதே துண்டில்.

“எனக்கும் எட்டு மாசப் பிள்ள இருக்கு. குடுங்க ஆச்சின்னேன், குடுத்துட்டாக” என்றாள் அவள். பெயர் ஞானம்மா.

நான் அத்தையைப் பார்த்தேன். “என்னட்டி முழிக்க? ஆள் விடலாம்னுதான் எந்திச்சேன். இவ வந்து கைய நீட்டினா. என் கை தானா குடுத்துட்டு” என்றார். பிறகு கூஜாவிலிருந்து ஞானம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவள் குடித்துவிட்டுத் தந்த டம்ளரிலேயே தாமும் குடித்தார். பையன் மூன்று மணி நேரம் தூங்கியது எனக்குப் பெரிய அதிசயம். இதன் முன்னால் அது சிறிதாகிவிட்டது.

தேறினேன். அப்போதுதான் பிளஸ் டூ புதிதாக வந்திருந்தது. பொருளாதார ஆசிரியை வேலை கிடைத்தது. முதல் நாள் நான் பள்ளிக்குக் கிளம்பியபோது பிள்ளையை வாங்கிக்கொண்டவர் அத்தைதான்.

அந்த ஆடியில் கொடியேறியதும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுற்றினேன். அத்தை நூற்றெட்டுப் புளியமுத்தை மடியில் கட்டிக்கொண்டு, சுற்றுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே கூட வந்தார். முத்து தீர்ந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் நிற்கவில்லை.

“அத்தை, நூற்றெட்டு முடிஞ்சிட்டு” என்றேன்.

“இது ஞானம்மாவுக்கு” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கஷ்டத்தில் இருக்கும் சகோதரிகளே, அம்மனிடம் கேளுங்கள். தீட்டென்றால் மச்சில் நின்றாவது கேளுங்கள். எத்தனை மணிக்கு, யார் கையால் என்பதை மட்டும் அவளிடமே விட்டுவிடுங்கள்.