எண்பது வீதத்தில் கழற்றவும்

இந்த நாட்டில் யாரும் கரண்டைப் பற்றிப் பேசுவதில்லை. டொரொன்டோவில் மகளின் வீட்டுக்கு வந்து ஐந்து வருடமாகிறது. வீட்டில் ஒரு மெழுகுதிரி கிடையாது. கேக்கில் குத்துகிற குச்சிகளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை; அவை ஊதி அணைப்பதற்காகவே ஏற்றப்படுபவை. சுவரில் எங்கே செருகினாலும் மின்சாரம் இருக்கும் என்று பிறந்த குழந்தைக்கும் தெரியும். இப்படிப்பட்ட ஊரில் பெட்டரியைப் பற்றி ஒருவனிடம் ஆலோசனை கேட்டது என் வாழ்நாளின் பெரிய மடத்தனம்.

ஏனென்றால் எனக்கு அது தெரியாத விடயமல்ல. இலங்கையில், பண்டாரவளை தொலைபேசி நிலையத்தின் பெட்டரி ரூம் முப்பத்தொரு வருடம் என் பொறுப்பில் இருந்தது. அமில வாடை அடிக்கும் அந்த அறையில் காலை எட்டு மணிக்கு ஒவ்வொரு பெட்டரியாக அளந்து பதிவேன். அங்கே இருந்த சட்டம் ஒன்றுதான்: எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். தொண்ணூறுகளின் மின்வெட்டில் நாடே இருண்டு கிடந்தபோதும், ஹாலிஎல தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்குப் பேசிய ஒரு அழைப்புகூட எங்களால் அறுந்ததில்லை.

ஹாலிஎலயில் இருக்கும் என் தங்கச்சி சரோஜா, தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். தொண்டையில் வந்த நோய்க்குச் செய்த சத்திரசிகிச்சை அவளுடைய குரலை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு தொலைபேசியால் என்ன பயன்? ஊருக்குப் போனவர் ஒருவரின் கையில், சிம் அட்டை போட்டு இணையம் எடுக்கும் ஒரு லெப்டொப் அனுப்பினேன். எனக்குக் காலை ஒன்பது, அவளுக்கு மாலை ஏழரை. நான் பேசுவேன், அவள் பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி கெமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டுவாள். இன்னும் சில மாதங்கள்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நானோ நேரில் போக முடியாமல் இருந்தேன். என் கடவுச்சீட்டு குடிவரவு அலுவலகத்தின் ஏதோ ஒரு கோப்புக்குள் கிடந்தது. விசாரித்தபோதெல்லாம் மிகுந்த மரியாதையோடு ஒன்றும் சொல்லாமல் அனுப்பினார்கள்.

கணினி திருத்தும் கடைக்காரனிடம், “என் தங்கையின் வீட்டில் அடிக்கடி மின்சாரம் இருக்காது” என்றேன்.

“ஓ, காட்டில் கூடாரம் அடிப்பவரா? நல்ல பொழுதுபோக்கு” என்றான்.

வீட்டில்தான் இருக்கிறாள் என்றேன். அவன் அதை நம்பவில்லை. நாற்பது வீதத்துக்குக் கீழே இறங்க விடாதே, எண்பதில் சார்ஜரைக் கழற்று, சூடாக விடாதே, முழுதாக ஏற்றிச் செருகியே வைத்தால் ஆயுள் குறையும் என்றான். எல்லாம் சரியான விதிகள்தான். நான் அவற்றைப் பதினொன்றாக விரித்து, இலக்கமிட்டு, தட்டச்சு செய்து அனுப்பினேன்.

மறுநாள் சரோஜா ஒரு தாளைத் தூக்கினாள்: “அண்ணே, கனடா போயும் பெட்டரி ரூம விட்டு வெளிய வரலயா?” அடுத்த தாள்: “பதினொண்ணும் மனப்பாடம். பரீட்சை வைங்க.”

அவளுடைய புருஷன் முருகேசு பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தான். “மச்சான், இங்க கரண்டு நெனச்சா போகுது. முழுசா ஏத்தி வச்சா என்னாங்க?”

“ரெண்டு வருசத்துல பெட்டரி செத்துரும்” என்றேன்.

அவன் சார்ஜரைக் கழற்றினான். ரெண்டு வருடம் யாருக்கு வேண்டும் என்று கேட்டிருக்கலாம். மரியாதை தெரிந்தவன்.

மார்கழி மழையில் ஒரு பிற்பகல் ஹாலிஎலயில் கரண்ட் போனது. அப்போது பெட்டரி நாற்பத்து மூன்று வீதத்தில் இருந்தது. விதி மீறப்படவில்லை. மாலையில் அழைப்பை எடுத்தபோது அவளால் உட்கார முடியவில்லை. முருகேசு முதுகுக்குத் தலையணை வைத்தான். நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏதேதோ பேசினேன். அவள் மெதுவாக எழுதத் தொடங்கினாள். எழுதி முடிக்குமுன் திரை கறுத்தது.

உடனே தொலைபேசியில் அழைத்தேன். முதல் மணியிலேயே கிடைத்தது. கிடைக்காமல் என்ன? நிலையத்துப் பெட்டரிகளை நிறைத்து வைத்திருந்தார்கள். அங்கே என் பதினொரு விதிகள் இல்லை.

“என்னா எழுதினா?” என்று கேட்டேன்.

“மொகத்த கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்புங்க அண்ணே, இருட்டா தெரியுது...ன்னு எழுதியிருக்கா” என்றான் முருகேசு.

என் முதுகுக்குப் பின்னால் ஜன்னல். அதற்கு வெளியே கண் கூசும் பனி. இத்தனை மாதமும் அவள் பார்த்தது ஒரு நிழலைத்தான். ரிசீவரை அவள் காதில் வைக்கச் சொன்னேன். மூச்சு மட்டும் கேட்டது. அடுத்த நாள் மத்தியானம் அதுவும் நின்றது. கரண்ட் வந்தது அதற்கும் அடுத்த நாள்.

முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்து முருகேசு அழைத்தான். “மச்சான், இந்த லெப்டொப்ப என்ன செய்ய?”

“செருகியே வை. முழுசா.”

“பெட்டரி செத்துரும்னீங்களே?”

“சாகட்டும்.”

செருகித்தான் வைத்திருக்கிறான். ஹாலிஎலயில் அவளுடைய மேசையில் அது நூறு வீதம் நிறைந்து, மூடிக் கிடக்கிறது. இங்கே நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். காலை ஒன்பது மணிக்குப் பனியின் வெளிச்சம் முழுதும் என் முகத்தில் விழுகிறது.