அக்கா வீட்டுத் தண்ணீர்

சூளகிரியில் நாங்கள் இருப்பது லைன் வீடு. ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். அன்று காலை, ஒரு குடம் கூடுதலாகப் பிடித்துவிட்டார் என்று பக்கத்து வீட்டு நாகம்மா அக்காவைத் தெருவே கேட்கும்படி திட்டிவிட்டேன்.

கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தரையில் வைத்திருந்த கேஸ் அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று வயது மகள் ஓடிவந்து தட்டிவிட்டாள். அத்தனையும் அவள் காலில் கொட்டியது. நான் பதறிப்போய் பல் தேய்க்கும் பேஸ்ட்டைப் பிதுக்கிக்கொண்டு ஓடினேன். எங்கள் வீட்டில் தீக்காயத்துக்கு எப்போதும் அதுதான் மருந்து.

அலறல் கேட்டு வந்த அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"அதப் பூசாதம்மா! என் பையனுக்குப் பூசித்தான் புண்ணு பெருசாச்சு. தண்ணி ஊத்தணும். எங்க வீட்டுக் குடத்த எடுத்துட்டு வா."

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, இருபது நிமிடம் மெல்ல மெல்ல ஊற்றினார். அன்று காலை அவர் பிடித்து வைத்திருந்த ஆறு குடமும் காலி.

"குடிக்க என்னக்கா பண்ணுவீங்க?" என்றேன்.

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

காயம் ஆழமாகப் போகாததற்கு அந்தத் தண்ணீர்தான் காரணம் என்றார் டாக்டர்.

போன மாதம் தீக்காயக் கணக்கெடுப்புக்கு ஒரு பெண் வந்தார். அடுப்பு எங்கே இருந்தது, உடனே என்ன செய்தீர்கள் என்றெல்லாம் கேட்டு எழுதினார். யார் வீட்டுத் தண்ணீர் என்று மட்டும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன், அன்று திட்டிய அதே சத்தத்தில், தெருவே கேட்கும்படி.