அறுத்து வைத்த கடைசித் தாள்

இன்று வந்த தபாலைப் பிரித்ததும் யூகலிப்டஸ் தைல வாடை வீசியது. என் சின்ன வயதில் ஸ்ரீரங்கத்தில், வெயில் எட்டாத ஒரு சந்தில், காமிக்ஸ் வாடகைக்கு விட்ட அய்யாவு அண்ணனின் கைவாடை. புத்தகம் தவறாமல் திரும்பி வர வேண்டுமென்று ஒவ்வொன்றின் கடைசித் தாளையும் பிளேடால் அறுத்துத் தகரப்பெட்டியில் பூட்டிவிடுவார். திருப்பிக் கொடுத்தால்தான் அதைக் கண்ணில் காட்டுவார்.

“முடிவு தெரிஞ்சுட்டா யாரு பாப்பா திரும்பி வருவாங்க?” என்பார் என்னிடம்.

கொள்ளிடம் கரைதொட்டு ஓடிய ஒரு காலையில் கடை பூட்டிக் கிடந்தது. அண்ணனை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. என் கையில் முடிவில்லாத காமிக்ஸ் ஒன்று தங்கிவிட்டது. அந்த முடிவைத் தேடித்தான் பழைய காமிக்ஸ் சேர்க்கும் வெறியே எனக்குப் பிடித்தது.

அனுப்பியவர் பெயரில்லாத இந்த உறைக்குள் அந்தத் தாள் மட்டும் இருக்கிறது. அறுத்த ஓரம் என் புத்தகத்தோடு பிசகாமல் பொருந்துகிறது.

நான் இன்னும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லையே.