சாச்சியின் அம்மியும் என் பன்றிப்பொடியும்

மேசை விரிப்பை நான்காக மடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. பசியில் வரவில்லை, ஆசையில் வரவில்லை. கலப்படமில்லாத கோபத்தில் வந்தது.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு மனையியல் வகுப்பு உண்டு. அன்றைய பாடம் ஆங்கிலேயர்களின் காலையுணவு. உப்பில் ஊறி, புகையில் காய்ந்த பன்றிக்கறி, அவர்கள் பேக்கன் என்பது, வாணலியில் ஓரம் சுருண்டு பொரிந்துகொண்டிருந்தது. மலாய்ப் பெண்களுக்கு அந்த மணி நேரம் வேறு அறையில் தையல். சீனப் பெண்கள் வாணலியைச் சுற்றி நின்றார்கள். தமிழ்ப் பெண்கள் நாங்கள் இரண்டே பேர். எங்களை விரிப்பு மடிக்கச் சொன்னார் வெள்ளைக்கார ஆசிரியை. நானும் பொரிக்கிறேன் என்றேன். வேண்டாமாம். இதற்கெல்லாம் சுத்தமும் நிதானமும் உள்ள சமையலறை வேண்டுமாம். எங்கள் சமையல் மிளகாயும் அவசரமுமாக இருக்குமாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

சரி, வீட்டிலேயே செய்கிறேன் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். செய்து, பொடித்து, உப்போடு கலந்து, அவருடைய முட்டைமேலேயே தூவிக் காட்டுகிறேன். பாடப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அந்தப் பொடிக்கு ஒரு குறிப்பு இருந்தது. சூப்பில் போடலாம், உருளைக்கிழங்கில் போடலாம், வாரக்கணக்கில் கெடாது. விரிப்பைத் தாறுமாறாக மடித்து வைத்துவிட்டு அதைக் கையெழுத்தில் எழுதிக்கொண்டேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"உங்கப்பா வெளிய தின்னுட்டு வர்றது போதாதா? பன்னி இந்த வீட்டு அடுப்புல ஏறாது. என் சட்டி, என் கத்தி, என் கரண்டி எதையும் தொடக் கூடாது. தொட்டே, படிப்பு நிப்பாட்டிடுவேன்."

"படிப்புக்காகத்தான் செய்றேன் லா."

"லாவாம் லா. சந்தைப் பேச்சு. டீச்சரா ஆகப்போற வாயப் பாரு."

ஜாலான் புசார் தெருவுக்குப் பின்னால், ஒரு கடைவீட்டின் மாடியில் இரண்டு குடும்பங்கள் இருந்தோம். நாங்கள் ஒன்று. சாச்சியும் அவள் கணவரும் இன்னொன்று. அவர்கள் தமிழ் முஸ்லிம்கள்; சித்தியை அவர்கள் வீடுகளில் சாச்சி என்பார்கள்; நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். கீழே பின்கட்டில் இருவருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. அதன் கதவு பின்சந்தில் திறக்கும். கதவோரம் அம்மாவின் துளசித் தொட்டி. உள்ளே இரண்டு அம்மிகள். சுவரோரம் இருப்பது எங்களுடையது. கதவுப் பக்கம், வெளிச்சத்தில் இருப்பது சாச்சியுடையது.

சாச்சியின் அம்மியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதுதான் அவள் பிழைப்பு. தினமும் விடிந்ததும் மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம் என்று தனித்தனியாக அரைத்து வாழையிலையில் உருண்டை உருண்டையாக வைப்பாள். அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள், பெரும்பாலும் மலாய்க்காரர்களும் எங்கள் ஊர் முஸ்லிம்களும், கிண்ணத்தோடு பின்சந்தில் வந்து வாங்கிப்போவார்கள். அவள் கணவருக்குக் கப்பல்துறையில் முதுகு போனபிறகு அந்தக் கல்தான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது. இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. பத்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

தேக்கா சந்தையில் பன்றிக்கறி விற்கும் வரிசைக்கு முதல்முறையாகப் போனேன். கடைக்காரச் சீனர் என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு, ஆட்டுக்கறி அந்தப் பக்கம் என்று சந்தை மலாயில் கை காட்டினார். வயிற்றுத் துண்டுதான் வேண்டும், தோலோடு, என்றேன். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆளுக்கு ஆள் சிரிப்பதற்கென்றே என்னைப் படைத்திருந்தார்கள் போல.

உப்பும் கருப்பட்டி மாதிரியான மலாக்கா வெல்லமும் மிளகும் தடவி, அம்மா தூக்கிப்போட்ட பழைய மண்சட்டியில் போட்டு, அதை ஐஸ் கட்டியும் மரத்தூளும் நிரப்பிய வாளிக்குள் இறக்கிப் பின்சந்தில் வைத்தேன். புத்தகம் வெடியுப்பு கேட்டது. மருந்துக்கடைக்காரர் "யாரை வெடிக்க வைக்கப்போறே?" என்று கேட்டதால் அதை விட்டுவிட்டேன். தினமும் கல்லூரி விட்டு வந்ததும் ஐஸ் மாற்றுவதுதான் என் வேலை. அம்மா மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு அந்த வாளியைத் தாண்டிப்போவாள். தாண்டும்போது ஏதாவது ஒரு வசவு விழும்.

புகை போடுவதில் முதல்முறை தோற்றேன். புகை என்றதும் என் கைக்கு வந்தது வெள்ளிக்கிழமை தலைக்குப் புகை போடும் சாம்பிராணிக் கரண்டி. அதில் தணல் போட்டு, தேங்காய் நாரைப் போட்டு, பிஸ்கட் டின்னுக்குள் கறியைத் தொங்கவிட்டு மூடினேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை மாதிரி மணக்கிறது. வருஷக்கணக்கில் அந்தக் கரண்டியில் ஏறிய சாம்பிராணி அத்தனையும் கறியில் இறங்கியிருந்தது. ஒரு துண்டைத் தணலில் வாட்டி வாயில் வைத்தேன். மார்கழி மாதக் கோயிலை மென்றது போல இருந்தது. துப்பினேன். போதாக்குறைக்குக் கரண்டியைப் பன்றிக்கு எடுத்ததற்காக அம்மா அதைக் குப்பையில் எறிந்துவிட்டு, புதுசு வாங்கும்வரை என்னோடு பேசவில்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

இரண்டாம் முறை கொட்டாங்கச்சியை மட்டும் எரித்துத் தணலாக்கினேன். வகுப்புத் தோழி தந்த பழைய வாணலி, அவள் தந்த கத்தி, பின்சந்தில் தனி ஸ்டவ். வீட்டுச் சாமான் ஒன்றைக்கூடத் தொடவில்லை. கறி பழுப்பாக, கெட்டியாக வந்தது. பொரித்ததும் அந்த வாசனை, வகுப்பில் என்னைத் தள்ளி நிறுத்திய அதே வாசனை, சந்து முழுக்கப் பரவியது. எதிர்வீட்டுச் சீனக் கிழவர் சன்னலைத் திறந்து பார்த்தார். அன்று அவர் ஒருவர்தான் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, எச்சில் விழுங்கினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பொடி பாக்கி இருந்ததே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாச்சி ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள். மொறுமொறுவென்று பொரிந்த துண்டுகளும் வறுத்த உப்பும் கையில் தயார். எங்கள் அம்மியை முந்தின நாள்தான் கொத்தியிருந்தார்கள். புதிதாகக் கொத்திய கல்லில் நாலு தடவை அரிசி அரைத்துக் கொட்டாமல் எதை அரைத்தாலும் பல்லில் மண் நறநறக்கும். கல்பொடி கலந்த பேக்கனை அந்த ஆசிரியைக்குக் கொண்டுபோனால் அவர் வாயால் இன்னும் என்னவெல்லாம் கேட்க வேண்டியிருக்கும்? சாச்சியின் அம்மி வழவழவென்று, தேய்ந்து, கண்ணாடி மாதிரி கிடந்தது. காய்ந்த பொருள்தானே, ஒட்டவா போகிறது? வாணலியில் அத்தனை கவனமாக இருந்தவள், கத்தியில் அத்தனை கவனமாக இருந்தவள், ஐந்து நிமிஷம் குனிந்து அந்தக் கல்லில் அரைத்துவிட்டேன். பிறகு சோப்புப் போட்டு, நார் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். பொடி அருமையாக வந்தது. ஒரு கண்ணாடிப் புட்டியில் அடைத்தேன்.

திங்கட்கிழமை காலை. நான் கல்லூரிக்குக் கிளம்பி, புட்டியைப் பையில் வைத்துக்கொண்டு கீழே வருகிறேன். சாச்சி ஊறிய மிளகாயைக் கல்லில் அள்ளி வைத்துவிட்டுக் குழவியில் கை வைத்திருக்கிறாள். வாசலில் ஒரு மலாய்க்காரம்மா, தினமும் முதல் ஆளாக வருகிறவர், கிண்ணத்தோடு நிற்கிறார்.

சொல்லிவிட்டேன். நல்ல மனசால் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மிளகாய் அரைபட்டு எத்தனை வீட்டுக் குழம்பில் இறங்கும் என்று நினைத்தபோது பயந்துவிட்டேன். அந்தப் பயத்தில் சொன்னேன்.

"சாச்சி, அரைக்காதீங்க."

"ஏன், நீ அரைச்சுத் தரப்போறியா, காலேஜுப் புள்ள?"

"நேத்து அதுல நான் ஒண்ணு அரைச்சேன்."

"அரைச்சா என்ன? உங்கம்மா கல்லு கொத்தியிருக்குன்னு தெரியாதா எனக்கு? கழுவி வச்சியா?"

"சோப்புப் போட்டுக் கழுவுனேன்."

"மசாலாக் கல்லுக்கு எவளாச்சும் சோப்புப் போடுவாளா? அப்படி என்னத்தடி அரைச்சே?"

"பின்னாடி பொரிச்சேன்ல... அந்தக் கறி."

சாச்சி குழவியைக் கைவிட்டாள். அது உருண்டு சிமெண்டுத் தரையில் விழுந்தது. அந்த மிருகத்தின் பெயரை எங்கள் மொழியில் நாக்கில் எடுக்கவே அவளுக்குப் பிடிக்காது. அதனால் மலாயில் கேட்டாள், கத்திக் கேட்டாள்.

"பாபியா? என் கல்லுலயா?"

அதுவரை எங்கள் பேச்சில் ஒரு சொல்லும் புரியாமல் நின்ற மலாய்க்காரம்மாவுக்கு அந்த ஒரு சொல் புரிந்தது. கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கிண்ணத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். சந்து முனையில் அடுத்து வந்துகொண்டிருந்த இரண்டு பேரை நிறுத்தி அவர் ஏதோ சொல்வது தெரிந்தது. அவர்களும் திரும்பினார்கள்.

மிளகாய் முழுவதையும் சாச்சி சாக்கடையில் கொட்டினாள்.

"ஏழு தண்ணி கழுவணும். அதுல ஒண்ணு மண்ணு கரைச்ச தண்ணி. நான் தொட மாட்டேன். நீ அரைச்சே, நீ கழுவு. போ, சுத்தமான மண்ணு கொண்டா."

கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மண் துளசித் தொட்டி மண். குனிந்தேன். அம்மா மாடிப்படியிலிருந்தே பாய்ந்து வந்தாள்.

"என் துளசி மண்ண எடுத்துப் பன்னியக் கழுவப் போறியா? கைய ஒடிச்சிடுவேன்!"

"அந்த மண்ணு எனக்கும் வேணாம்" என்றாள் சாச்சி. பத்து வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒரே பக்கம் நின்று பேசியது அன்றுதான். அதுவும் எனக்கு எதிராக.

பின்சந்தில் சாக்கடை வெட்டிப்போட்ட மண்ணைக் கொண்டுவந்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு எறிந்தாள். கல்லூரிச் சேலையோடு, சாச்சி நீட்டிய தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு, பெரிய திடல்வரை நடந்து புல்லுக்கடியில் தோண்டிக் கொண்டுவந்தேன். தெருவே பார்த்தது. சாச்சி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணினாள். நான்காவது தண்ணீரில், ஓரத்தைச் சரியாகத் தேய்க்கவில்லை என்று மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சுத்தமாத்தான் இருக்கு சாச்சி!"

"சுத்தம்னா என்னன்னு நீ சொல்லாதே. எண்ணு."

எண்ணினேன்.

கல்லூரிக்கு இரண்டு மணி நேரம் தாமதம். நகக்கண்ணில் மண்ணோடு ஆசிரியையிடம் புட்டியை நீட்டினேன். அவித்த முட்டையில் ஒரு சிட்டிகை தூவிச் சாப்பிட்டார். கண்ணை மூடினார். நன்றாக இருக்கிறது என்றார். எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார். நானே செய்தேன் என்றேன். மறுபடி அதே சிரிப்பு. பரவாயில்லை, கடைப் பெயரைச் சொல், நானும் வாங்கிக்கொள்கிறேன் என்றார். புட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்காக நடத்தை மதிப்பெண் குறைந்தது. குறையட்டும்.

மார்க்கச் சட்டப்படி கல் சுத்தமாகிவிட்டது. சாச்சியே அதில் அரைத்து அவள் வீட்டுக் குழம்புக்குப் போட்டுக்கொள்கிறாள். ஆனால் வாசலுக்கு யாரும் வரவில்லை. ஒருநாள் அரைத்து வைத்த உருண்டைகளில் மாலையில் ஈ மொய்த்தது. மறுநாள் பாதி அளவு அரைத்தாள். அதுவும் போகவில்லை. இன்று வெள்ளிக்கிழமை, அரைக்கவே இல்லை. சாச்சியின் கணவர் மாடியில் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். என்னைக் கண்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். சமையலறைத் தரையில் சாச்சி சாக்கட்டியால் ஒரு கோடு போட்டிருக்கிறாள். அவள் பக்கம் நான் கால் வைக்கக் கூடாது.

நேற்றுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"நான் என்ன செஞ்சா அவங்க வருவாங்க, சாச்சி?"

"நீதானே ஓட்டுனே? நீயே கூட்டிக்கிட்டு வா. வீடு வீடாப் போய்ச் சொல்லு. நீ செஞ்சத, நீ கழுவுனத, எத்தனை தண்ணின்னு, எல்லாத்தையும் உன் வாயால சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க, நான் விக்கிறவ."

"சொன்னா மன்னிச்சிடுவீங்களா?"

"அவங்க வரட்டும் முதல்ல. உன்ன மன்னிக்கிறதுக்கு இப்ப என்ன அவசரம்?"

அது நியாயம்தான். கோபம் வருகிறது, ஆனாலும் நியாயம்தான்.

பொடியைக் கொட்டிவிட்டேன். வாணலியைத் தோழியிடமே கொடுத்துவிட்டேன். ஆனால் அந்த வாசனையை விட முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் அதில் பன்றி எவ்வளவு, புகை எவ்வளவு? தேங்காயை மெல்லிய சீவலாகச் சீவி, கறுப்புச் சோயா சாற்றிலும் மலாக்கா வெல்லத்திலும் ஊறவைத்து, கொட்டாங்கச்சித் தணலில் புகை பிடித்து, வறுத்து, உப்போடு அரைத்தால் எப்படி இருக்கும்? புது பிஸ்கட் டின் வாங்கியாகிவிட்டது. எங்கள் அம்மியில் இதுவரை மூன்று தடவை அரிசி அரைத்துக் கொட்டியிருக்கிறேன். இன்னும் ஒரு தடவை பாக்கி.

ஆனால் தேங்காய் ஞாயிற்றுக்கிழமைதான். நாளை சனிக்கிழமை. முதல் ஆளாக வரும் மலாய்க்காரம்மாவின் வீடு அடுத்த தெருவில், மருந்துக்கடைக்கு மேலே. என்ன சொல்வது என்று மலாயில் எழுதி இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். ஏழு என்பதை மட்டும் தடித்த எழுத்தில் எழுதியிருக்கிறேன். கதவைத் திறந்தால் அந்த வீட்டிலிருந்தே ஆரம்பிப்பேன். திறக்காவிட்டால் படியிலேயே உட்கார்ந்திருப்பேன்.