பன்னிரண்டாம் நிலையில் கேட்ட சத்தம்

பத்தாம் நிலையில் எண்ணினேன். ஐம்பத்திரண்டு பேர். மறுபடியும் எண்ணினேன். ஐம்பத்திரண்டுதான். அடிவாரத்தில் ஐம்பத்து மூன்று பேர் இருந்தோம். காணாமல் போயிருந்தவள் என் மனைவி ஆரோக்கியமேரி.

அன்பானவர்களே, இந்த ஆண்டுத் தவக்காலத்தில் நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தார் திண்டுக்கல்லிலிருந்து பஸ் பிடித்து, சாணார்பட்டிக்கு அப்பால் ஒரு குன்றுக்கு, பதினான்கு நிலைகளில் நின்று செபித்துக்கொண்டே ஏறும் சிலுவைப் பாதை செய்யப் போனோம். முந்நூற்றுத் தொண்ணூறு படிவரை எண்ணிக்கொண்டே ஏறினேன். படியைப் பார்த்தவன் பக்கத்தில் வந்தவளைப் பார்க்கவில்லை.

அவளுக்கு அறுபத்தெட்டு வயது. சர்க்கரை நோயாளி. மாத்திரை போட்டுக்கொண்டு, ஒருசந்தி நோன்பு என்று இரண்டே இட்லியோடு கிளம்பியிருந்தாள். சர்க்கரை இறங்கினால் பத்து நிமிடத்தில் நினைவு தப்பிவிடும். முன்பு இரண்டு முறை அப்படி ஆகியிருக்கிறது. அவளுடைய போனும் என் பையில்தான் இருந்தது.

"முடியாம பஸ்ஸுக்குத் திரும்பிருப்பாங்க சார்" என்று சொல்லி, செபத்தை நடத்திவந்த உபதேசியார் இரண்டு பேரைக் கீழே ஓடவிட்டார். என் முழங்கால் வலி அவருக்குத் தெரியும். என்னைக் கைப்பிடித்து மேலே கூட்டிப்போனார். பதினோராம் நிலையில் போன் வந்தது. "பஸ்ல இல்ல. வழியிலயும் காணோம்."

ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். ஆண்டவரே, அவளைக் கொடும், அவளைக் கொடும் என்று விடாமல் கெஞ்சினேன். பன்னிரண்டாம் நிலைக்கு வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"செபத்த நிறுத்துங்கய்யா. எல்லாரும் எறங்கித் தேடுவோம்."

"ஆண்டவர் உயிர்விட்ட எடம் சார். செத்த நேரம் முழங்கால் போட்டுட்டு எல்லாருமே எறங்குவோம்" என்றார் உபதேசியார்.

எனக்குக் கோபம். ஆனாலும் மண்டியிட்டேன். அந்த நிலையில் யாரும் பேசக்கூடாது என்பது வழக்கம். அதுவரை எங்களோடு ஓயாமல் பாடிக்கொண்டு வந்த ஒலிபெருக்கி நின்றது. எனக்கும் கெஞ்ச வார்த்தை தீர்ந்துபோனது.

அப்போது கேட்டது. டங், டங், டங். பாறையில் எவர்சில்வர் தட்டும் சத்தம். எங்கள் காலுக்கு நேர் கீழே.

பாதை வளைந்து ஏறுவதால், ஒன்பதாம் நிலையைத் தாண்டிய திருப்பம் அந்த இடத்துக்கு நேர் கீழே இருந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தோம். அவசரத்துக்கு அங்கே பாறை மறைவில் ஒதுங்கியவள், கால் பிசகி விழுந்து எழ முடியாமல் கிடந்தாள். மூன்றடி தள்ளிப் பாறை முடிந்து வெறும் பள்ளம். உடம்பெல்லாம் வியர்வை. கூப்பிடக் குரல் வராமல் தண்ணீர் பாட்டிலால் தட்டியிருக்கிறாள். எங்களோடு வந்த நர்ஸம்மா சோதித்தார். சர்க்கரை நாற்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம்.

கண் தெளிந்ததும் முதலில் என்னைத்தான் பார்த்தாள். "எம்புட்டு நேரமா தட்டுறேன். பாட்ட நிறுத்தவே மாட்டீகளா?" பிறகு, "அம்புட்டுப் படியையும் எண்ணுனீகளே, பொண்டாட்டி ஒருத்திதான, அவள எண்ண முடியலையா?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அழுதேன்.

கணுக்கால் எலும்பில் விரிசல். ஆறு வாரக் கட்டு. இப்போது மெல்ல நடக்கிறாள். என் பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இன்றும் அவள் இருமினால் எழுந்து உட்காருகிறேன். ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. தினமும் செபமாலை முடிந்ததும் ஐந்து நிமிடம் நாங்கள் இருவரும் எதுவும் கேட்காமல் சும்மா இருக்கிறோம். அன்று நான் கெஞ்சியதை ஆண்டவர் கேட்டார். அவருடைய பதில் என் காதில் விழ, நான் வாயை மூட வேண்டியிருந்தது.

பயத்தோடு இதைப் படிப்பவர்களே, உங்கள் கவலையையெல்லாம் அவரிடம் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். செத்த நேரம் முழங்காலிலேயே இருங்கள்.